கடல் கடந்த கேண்மை

உலகில் அமைதி நிலவல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உடையார் எந்நாட்டினும் அரியர். அதனை எய்துதற்கு அரசினர் கண்ட வழிகளோ பல. 1899ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் வல்லரசுகள் கூடி அமைதி மாநாடு ஒன்று நிகழ்த்தின. அதன்பின் பதினைந்தாண்டு கழிந்த அளவிலே ஐரோப்பாவின் பெரும்பகுதி போர்க்களமாயிற்று. அப்போரின் முடிவில், 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சர்வதேச சங்கம் வகுக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில், போரைத் தம் கொள்கைக்குக் கருவியாக இனிக் கொள்வதில்லை என்று பல நாட்டு அமைச்சரும் கையொப்பமிட்டனர். பதினோராண்டு செல்லுமுன் அக்கையொப்பங்களின் பயன் யாதென உலகம் கண்டுகொண்டது.

இவ்வுடன்படிக்கைகள் வேண்டாதன என்று கூறுதல் முறையன்று. நெருப்புப் பற்றியவிடத்து நீர் கொணர்வாரைப் பழித்தல் யார்க்கும் தகாது. ஆயினும் இவை யாவும் அரசுக்கும் அரசுக்கும் இடையே நிகழ்ந்தன. ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் முகம் நோக்கி அறிந்துகொண்ட அறிவு அவற்றுள் மிகச் சிறிதே இருந்தது. போருக்கு முதல் யாது என ஆராயப் புகின், நிலமும் பொன்னும் வாணிகமும் என்று பொருள்நூலார் கூறுவர். சித்தாந்த நூலார் அவற்றுக்கும் அப்பாற் சென்று, யான் எனது என்னும் செருக்கை விளைப்பதாகிய ஆணவமலத்தைக் காட்டுவர். ஒருவன்கண் நிற்கும்போது செருக்கெனப்படுவது, ஒரு நாட்டார்கண் பரவியவிடத்து நாட்டுப்பற்று என்னும் நற்பெயரும் பெற்று விடுகின்றது. அம்மலம் திருவருளானன்றி நீங்காது என்பது உண்மையே. ஆயினும் ஈசனிடத்து வைக்கும் அன்பு அடியாரிடத்தும் ஏனை உயிர்களிடத்தும் சென்று படர்வதென்பதும் அந்நூல்களின் துணிபாதலின், வேற்று நாட்டான் ஒருவனைத் தன்னைப்போல் ஓர் உயிர் எனக் கண்டு நட்டல், அவ்வருள்நெறியின் புறத்தே கிடக்கும் செயலன்று. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சைவ உலகத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே, ஐம்பதாண்டு அளவு நின்ற கேண்மை ஒன்று உளது. அஃது இலங்கைச் சைவராகிய சர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கட்கும், ஆங்கில அறிஞராகிய எட்வர்டு கார்ப்பெண்டர் அவர்கட்கும் இடையே இருந்தது.

இக்கேண்மைக்கு முன்னும் அந்நிலத்தில் இத்தகைய தொடர்புகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து வெசிலியன் பாடசாலையை நடத்திய பீட்டர் பேர்சிவல் பாதிரியார், அங்கே தம்மிடம் கற்று ஆசிரியருமாயிருந்த ஆறுமுக நாவலரை விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பில் துணையாகக் கொண்டார். 1848ஆம் ஆண்டில் இருவரும் சென்னைக்குச் சென்று, மழவை மகாலிங்கையரிடம் அம்மொழிபெயர்ப்பைக் காட்டி அவர்தம் உடன்பாடு பெற்றமை யாவரும் அறிந்தது. நாவலர் நீறணிந்த நெற்றியினராய்த் தம் சமயத்தில் வழுவாது நின்றே அப்பணியைச் செய்தார். பாதிரியார் அதனைத் தடுத்திலர். பின்னர் நாவலர் பாதிரிமார் சமயப் பிரசாரத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார் என்பதும் உண்மை. கொள்கையில் எதிர்நின்றார் இருவர் ஒரு மேசையிலிருந்து சொல்லாராய்ச்சி செய்தல் இயலும் என்பதை அவ்விருவரும் காட்டினர். அருணாசலம் அவர்களின் தாய்மாமனாகிய சர் முத்துக்குமாரசுவாமி, கிறித்தவரும் யூதரும் அல்லாதாருள் ஆங்கில நாட்டு வழக்கறிஞர் குழாத்தில் முதற்கண் ஏற்றுக்கொள்ளப்பட்டவர். 1875ஆம் ஆண்டில் ஆங்கில மாது ஒருவரை மணந்தார். அவர்கள் புதல்வர் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கொழும்பு நகரில் தோன்றினார். அவர் தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை எடுப்பித்தவர். தமையனார் சர் பொன்னம்பலம் இராமநாதன். பள்ளிப் பருவத்திலேயே அரசினர் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கிறைஸ்து கல்லூரியைச் சார்ந்து பயின்றார். அக்காலத்தில் அந்நகரில் டிரினிட்டி ஹால் என்னும் கல்லூரியில் ஆசிரியப் பதவி வகித்து, ஆங்கிலத் திருச்சபையின் குருப்பட்டமும் ஏற்றிருந்தவர் கார்ப்பெண்டர். அவர் 1844ஆம் ஆண்டிற் பிறந்தவராதலின் அருணாசலத்தினும் ஒன்பதாண்டு மூத்தவர். செல்வக்குடியிற் பிறந்து உயர்பதவியில் இருந்தும் அவர்க்கு உள்ளம் நிறைவுறவில்லை. தாம் ஓதும் சமயச் சடங்கில் தமக்கே நம்பிக்கை இல்லை என்பதை மறைத்து வாழ விரும்பாமல், 1874ஆம் ஆண்டில் குருப்பட்டத்தையும் பதவியையும் ஒருங்கே துறந்தார். இந்நிலையிலிருந்த ஆங்கிலேயரும், நெடுந்தொலைவிலிருந்து வந்த இளைஞராகிய சைவரும் நண்பராயினர்.

1875ஆம் ஆண்டில் அருணாசலம் இலங்கைக்கு மீண்டு, போட்டித் தேர்வு வாயிலாக அந்நாட்டுச் சிவில் உத்தியோகத்தில் நுழைந்தார். அவ்வழியில் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. கார்ப்பெண்டர் வட இங்கிலாந்திற் சென்று தொழிலாளர்க்கும் மகளிர்க்கும் சொற்பொழிவுகள் ஆற்றி, 1883ஆம் ஆண்டளவில் ஷெபீல்டு நகரை அடுத்த மில்தோர்ப்பு என்னும் சிற்றூரில் நிலம் வாங்கி, தம் கையால் காய்கறி பயிர் செய்து வாழலானார். இந்தியாவினின்றும் ஒரு நண்பர் அனுப்பிய செருப்பினைப் பார்த்து, அவ்வாறே தாமும் தைக்கக் கற்று அணிந்தார். அக்காலத்து ஆங்கிலக் கனவான்களுக்கு இது நகைப்பை விளைத்ததாகலாம். ஒருவர் அரசாங்க அதிகாரி, மற்றவர் அரசாங்கத்தையும் நாகரிகத்தையும் ஐயுற்று நோக்கியவர். ஒருவர்க்கொருவர் எழுதிவந்த கடிதங்களே இடையில் நின்ற பல்லாயிரங் கல் தொலைவைக் குறைத்தன. கார்ப்பெண்டர் தம் பெருநூலாகிய கவிதை நூலை எழுதத் தொடங்கிய காலத்தில், பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர்க்குக் கிடைத்தது. அதனைக் கொடுத்துதவியவர் அருணாசலமே. அந்நூல் தமக்கு ஒரு திறவுகோலாக உதவியதென்பதை அவ்வாங்கிலேயர் பின்னர்த் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார்.

இனி, அவ்விருவர் கேண்மையின் உயிர்நிலையான நிகழ்ச்சி கூறப்படும். அருணாசலம், இராமநாதன் என்னும் சகோதரர் இருவர்க்கும் ஞானாசிரியராய் அமைந்தவர் தஞ்சையைச் சார்ந்த இராமசாமி என்பார். இலக்கணப் புலமையால் இலக்கணம் இராமசாமி எனவும், தீட்சை நிலையில் அருள்பரானந்த சுவாமிகள் எனவும் வழங்கப்பெற்றவர். தில்லைநாத சுவாமி என்னும் பெரியாரின் மாணாக்கர். இத்தகைய குருவரை அடைந்த அருணாசலம், அப்பேற்றைத் தாம் மட்டும் நுகர்ந்து அமைந்தாரில்லை. ஆங்கில நாட்டில் உண்மை தேடி அலமரும் நண்பரை நினைந்து, வருக என அவர்க்கு எழுதினார். 1890ஆம் ஆண்டின் இறுதியில் கார்ப்பெண்டர் கப்பலேறி இலங்கையை அடைந்தார். அருணாசலம் அப்பொழுது குருநாகலில் நீதிபதியாய் இருந்தார். அங்கேயே குருவரும் தங்கியிருந்தார்.

அக்காட்சி எண்ணிப்பார்த்தற்கு உரியது. ஆளும் இனத்தைச் சார்ந்த ஒருவர், கேம்பிரிட்ஜில் ஆசிரியராய் இருந்தவர், ஆளப்படும் இனத்தைச் சார்ந்த முதியவர் ஒருவர் முன் மாணாக்கராய் அமர்ந்தார். முதியவர் ஆங்கிலம் அறியார்; வந்தவர் தமிழ் அறியார். இருவர்க்கும் நடுவே அரசாங்க நீதிபதியாகிய நண்பர் அமர்ந்து, ஒருவர் கூற்றை மற்றவர்க்கு மொழிபெயர்த்தார். பல கிழமைகள் இவ்வாறு நாள்தோறும் நிகழ்ந்தன. அந்நாளில் ஆங்கிலேயருக்கும் இந்நாட்டு மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராய் நின்றவர் மிகப் பலர். நியாயஸ்தலத்திலும் வரித்தண்டலிலும் தோட்டத்திலும் அவர் தொழில் நிகழ்ந்தது. அவ்விடங்களிலெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டவை கட்டளையும் விண்ணப்பமுமே. குருநாகலில் மொழிபெயர்க்கப்பட்டதோ வினாவும் உபதேசமும். வினவியவர் ஆங்கிலேயர், விடை அளித்தவர் தஞ்சைத் தமிழர்.

குருவர் உபதேசித்தவற்றுள் கார்ப்பெண்டர் உள்ளத்தை மிகவும் ஈர்த்தவை இரண்டு. ஒன்று, நினைவுகள் ஒடுங்கியவிடத்தும் அறிவு ஒடுங்காது விளங்கும் நிலை. ஐரோப்பியர் சிந்தனையே அறிவு என எண்ணிப் பழகியவராதலின் இஃது அவர்க்குப் புதிதாய் இருந்தது. சாக்கிராதீதம் என நம் நூல்கள் வழங்குவதனை அறிந்தார்க்கு அது புதிதன்று. மற்றொன்று, பிறரினும் தான் வேறானவன் என்னும் எண்ணம் தலைதூக்குந்தோறும் அதனை அடக்குக என்பது. உயர்ந்தோன் தாழ்ந்தோன், தன்னவன் பிறன் என்னும் பாகுபாட்டினை உள்ளத்தில் எழவிடாது காத்தல் வெறும் ஒழுக்கநெறி அளவில் அமையாது, ஞானசாதனத்தின் உறுப்பாகவே உபதேசிக்கப்பட்டது கண்டு அவர் வியந்தார். தொழிலாளரொடு கலந்து வாழ்தல் வேண்டும் எனத் தம் நாட்டிற் போராடிக்கொண்டிருந்த அவர்க்கு, தாம் நாடிய சமநிலைக்கு மெய்ந்நூலின் அடிப்படை ஒன்று உளது என்பது அன்று விளங்கிற்று.

எனினும் அவர் கண்மூடி வணங்கிய மாணாக்கர் அல்லர். குருவர் வானநூலிற் கொண்டிருந்த பழைய கருத்துக்களை அவர் ஏற்றிலர். சாதி வழக்கங்கள் சிலவற்றையும் ஒப்பவில்லை. அவற்றை வெளிப்படையாகவே எழுதினார். அதுபோலச் சித்தாந்தச் செல்வர்களும் அவர் எழுதியன யாவும் குருவர் கருத்தே எனக் கொள்ளுதல் கூடாது. எல்லா ஆன்மாக்களும் உண்மையில் ஒன்றே என்னும்படி அவர் பல இடங்களில் எழுதுகின்றார். உயிர்கள் பல என்பதும், இறைவனோடு அவற்றிற்குள்ள அத்துவிதம் இரண்டறக் கலந்து நிற்கும் இயைபே அன்றி இரண்டென்னும் பொருளே இல்லாத தனிமை அன்று என்பதும் மெய்கண்டார் நூலின் முடிபாம். இவ்வேறுபாட்டைக் கார்ப்பெண்டர் உணர்ந்தாரல்லர். உணராமையால் அவர் அன்பு குறைவுபட்டதில்லை. ஆயினும் நூற்பொருளை நட்பின்பொருட்டு மழுப்புதல் அறிஞர்க்கு அழகன்று. இக்கேண்மையின் பெருமையும் அவ்விடத்தேயே உளது. அருணாசலம் சைவராகவே வாழ்ந்தார், திருவாசகப் பாக்களையும் தாயுமானவர் பாடல்களையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். கார்ப்பெண்டர் சைவராக மாறினார் அல்லர். ஒருவரை ஒருவர் தம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இருவர்க்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

குருநாகலில் இருந்த நாட்களிலும் அதன் பின்னும் அவ்வாங்கிலேயர் கண்டவை பல. சிங்களக் குடியானவன் ஒருவனோடு அவர் சிவனொளிபாதமலையை ஏறினார். சைவர் சிவபெருமான் திருவடிச் சுவடெனவும், பௌத்தர் புத்தரின் சுவடெனவும், முகம்மதியர் ஆதமின் சுவடெனவும் போற்றும் அம்மலைமுடியைத் தம் நூலின் பெயரிலேயே அமைத்துக்கொண்டார். தைப்பூசத் திருவிழாவின் இரவுக் காட்சியைக் கோயிலில் இருந்து கண்டார். தென்னாட்டிற் புகுந்து தஞ்சை முதலிய கோயில்களைத் தொழுவார் நடுவே நின்று பார்த்தார். வடக்கே காசி, தில்லி முதலிய நகரங்களுக்கும் சென்று, பம்பாயில் கப்பலேறினார். இவையெல்லாம் 1892ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளிவந்தன. அந்நூலில் ஓர் அத்தியாயத்திற்கு அவர் இட்ட பெயர் 'ஆங்கிலோ இந்தியரும் சிப்பியும்' என்பது. ஆங்கிலோ இந்தியர் என அந்நாளில் வழங்கப்பட்டவர் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர். இந்நாட்டில் இருபது முப்பதாண்டு வாழ்ந்தும், இந்நாட்டார் ஒருவரையேனும் நண்பராகக் கொள்ளாது தம் கூட்டத்துள்ளேயே அடைந்துகிடக்கும் அவர்தம் இயல்பினை அவர் அங்கே எடுத்துப் பேசுகின்றார். ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையேயுள்ள அப்பிளவு அவருக்குக் கண்கூடாகப் புலப்பட்டது. அருணாசலத்தின் வீட்டில் விருந்தினராய்த் தங்கியிராவிடின் அது புலப்பட்டிராது.

இனி இக்கேண்மையின் விளைவு யாதென ஆராயின், அது நேர்முகமாகவும் சுற்றுவழியாகவும் பல இடங்களிற் சென்று சேர்ந்தமை காணலாம். நாகரிகம் என்பது மக்களுக்கு வந்ததொரு நோய் என்றும், அதற்கு மருந்து உண்டென்றும் கார்ப்பெண்டர் எழுதிய நூல் 1889ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1909ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலண்டனினின்றும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலிற் செல்லும்போது எழுதிய 'இந்திய சுயராச்சியம்' என்னும் நூலில், மேல்நாட்டு நாகரிகத்தை ஆராயுமிடத்து அந்நூலைச் சுட்டி, இறுதியில் படித்தற்குரிய நூல்களுள்ளும் ஒன்றாக வைத்துள்ளார். கீழ்நாட்டு ஞானத்தை நாடி வந்த ஆங்கிலேயரின் நூல், கீழ்நாட்டார் ஒருவர்க்குத் தம் நாட்டின் பெருமையை உணர்த்தும் நூல்களுள் ஒன்றாயிற்று. ருசிய நாட்டு டால்ஸ்டாயும், தற்கால விஞ்ஞானம் பற்றிய கார்ப்பெண்டரின் கட்டுரை ஒன்றனை உயர்வாகக் கருதி, அதன் ருசிய மொழிபெயர்ப்பிற்கு முன்னுரை எழுதினார்.

1914ஆம் ஆண்டில் பெரும்போர் மூண்டபொழுது, அறிஞர் எனப்பட்டாரிற் பலரும் தத்தம் நாட்டுக் கொடியின்கீழ்ச் சென்று நின்றனர். நேற்றுவரை செருமானியரின் இசையையும் தத்துவத்தையும் புகழ்ந்த ஆங்கில நாவுகள் அவரை மிலேச்சர் எனப் பழித்தன; செருமானிய அறிஞரும் அவ்வாறே செய்தனர். கார்ப்பெண்டர் எழுபதாண்டு முதியவர். 1915ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'நாடுகளின் நோய்தீர்ப்பு' என்னும் பொருள்படும் நூலில், போரின் குற்றத்தைச் செருமானியர் தலையில் மட்டும் சுமத்தாது, இருபாலும் உள்ள ஆளும் வகுப்பினரின் பேராசையும் வாணிகப் போட்டியுமே அதற்கு வேர் என்று எழுதினார். எந்நாட்டுப் பொதுமக்களும் இயல்பாகப் பகைமை உடையரல்லர் என்பது அவர் கருத்து. அதற்குச் சான்று போர்க்களத்திலேயே தோன்றிற்று. 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பிளாண்டர்ஸ் பகுதியில் ஆங்கிலச் சிப்பாய்களும் செருமானியச் சிப்பாய்களும் பலவிடங்களில் தம் பதுங்குகுழிகளைவிட்டு வெளிப்போந்து, கைகுலுக்கிப் பாடி, புகையிலை முதலியன மாற்றிக்கொண்டு, இடையிற் கிடந்த பிணங்களையும் அடக்கம் செய்தனர். சேனாதிபதிகள் இதனைக் கேட்டு அஞ்சி, இனி நிகழாவண்ணம் கடுங்கட்டளை பிறப்பித்தனர். முகங்கண்டு பேசியவனைச் சுடுதல் அரிது என்பதை அச்சேனாதிபதிகள் நன்கறிந்திருந்தனர்.

ஒரு நாட்டுப் பகைமைக் கூச்சலில் தம் குரலைச் சேர்க்க மறுக்கும் ஆற்றல் கார்ப்பெண்டர்க்கு எங்ஙனம் வந்தது என வினவின், அதற்குக் காரணம் ஒன்றன்று. அவர்தம் பொதுவுடைமைக் கொள்கையும் ஒரு காரணமே. எனினும் பிறன் என்னும் எண்ணத்தை அடக்குக எனக் குருநாகலில் கேட்ட உபதேசமும், வேற்று நிறத்தார் ஒருவரோடு நாற்பதாண்டு பழகிய பழக்கமும் அதனுள் இல்லை எனக் கூற இயலாது.

இதே குடும்பத்தின் மற்றொரு கிளை வழியாகவும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆங்கிலத் தாய்க்கும் சைவத் தந்தைக்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அம்பலக்கூத்தின் உட்பொருளை விளக்கி எழுதிய ஆங்கிலக் கட்டுரை, நல்லசாமிப் பிள்ளை அவர்கள் 1897ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'சித்தாந்த தீபிகை'யில் 1912ஆம் ஆண்டில் முதற்கண் வெளிவந்தது. 1918ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் அஃது ஏனைக் கட்டுரைகளோடு நூலாயிற்று. 1922ஆம் ஆண்டில் அந்நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் ரோமேன் ரோலந்து. பெரும்போரின்போது பகைமைக்கு மேற்பட்டு நிற்குமாறு இருநாட்டு அறிஞரையும் வேண்டி, அதனால் தம் நாட்டாராலேயே துரோகி என இகழப்பட்டவர் அவர். சைவத் திங்களிதழ் ஒன்றின் பக்கங்களில் தொடங்கிய கூத்தப்பெருமான் கட்டுரை, போரால் நொந்த ஐரோப்பாவில் அத்தகைய ஒருவர் கையிற் சென்று சேர்ந்தது. இடையில் நின்ற தொடர்புகள் யாவும் ஆட்களின் தொடர்புகளே. எந்த அரசாங்கமும் அதனை அனுப்பிவைக்கவில்லை.

அருணாசலம் அவர்களிடத்தும் இந்நட்பின் சுவடு காணப்படும். உத்தியோகத்தினின்றும் விலகியபின் அவர் ஓய்ந்திருந்தாரில்லை. 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூகசேவைச் சங்கத்தை நிறுவினார். தென்னிந்தியாவினின்றும் சென்று தேயிலைத் தோட்டங்களில் உழைத்த கூலிமக்கள், ஒப்பந்தம் தவறினார் என்னும் காரணத்தால் சிறையிடப்பட்டு வந்தனர். அக்கொடிய விதியை நீக்குமாறு இடைவிடாது முயன்றார். 1921ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது. செல்வக்குடியிற் பிறந்த கொழும்புத் தலைவர்க்குத் தோட்டக்கூலியின் துயரம் கண்ணிற் பட்டமை, ஷெபீல்டுத் தொழிலாளரோடு வாழ்ந்த நண்பரின் கடிதங்களோடு தொடர்பற்றது எனக் கருதுதற்கில்லை.

இவ்வளவும் கூறியபின் மறைத்தற்காகாத ஒரு செய்தியும் உளது. கடல் கடந்து நிலைத்த கேண்மையை உடைய அப்பெரியார்க்கு, உள்நாட்டில் அத்தகைய நிலைபேறு கிட்டவில்லை. 1915ஆம் ஆண்டில் இலங்கையில் சிங்களருக்கும் சோனகருக்கும் கலகம் மூள, அரசாங்கம் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களரிற் பலரைக் கொடுமையாக ஒறுத்தது. தமையனார் இராமநாதன் சட்டசபையிற் சிங்களர்க்காக வாதாடி, இலண்டன் வரை சென்று முறையிட்டார். அவர் மீண்டபொழுது சிங்களர் அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். ஆயினும் அவர் பேச்சு சோனகர் உள்ளத்தைப் புண்படுத்தியதென்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒருவரோடு பூண்ட நட்பு மற்றொருவர்க்குப் பகையாய் முடிதலும் உலகியல்பில் உண்டு. அவ்வொற்றுமையின் பயனாகவே 1919ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியது. அதன் முதல் தலைவர் அருணாசலம். சிங்களரும் தமிழரும் ஒரு மேடையில் நின்று ஒருவரைத் தலைவராக ஏற்ற நாள் அது.

தமிழர் அதிற் சேர்தற்பொருட்டு, மேல்மாகாணத்தில் தமிழர்க்கு ஒரு சட்டசபைத் தானம் அமைத்தற்கு ஆதரவளிப்பதாக 1918ஆம் ஆண்டில் எழுத்துமூலமாக உறுதி கூறப்பட்டிருந்தது. பின்னர் அவ்வுறுதி காக்கப்படவில்லை. 1921ஆம் ஆண்டில் அருணாசலம் மனம் நொந்து காங்கிரசினின்றும் விலகினார். 1923ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் சங்கம் என ஒன்றனை அமைத்தார். ஓர் உறுதிமொழி பிறழ்ந்தது சிறு செய்திபோலத் தோன்றும். ஆயின் அன்று விழுந்த வெடிப்பு நாளடைவில் அகன்றதன்றிக் கூடவில்லை. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை அத்தீவில் நிகழ்ந்த போரும் சாவும் நினைவில் உள்ளவர்க்கு அதன் வேர் எத்துணை ஆழத்தில் உளதென்பது புலனாகும். பேரறிவும் பெருநட்பும் உடைய ஒருவராலும் அதனைத் தடுத்தல் இயலவில்லை.

இதற்குக் காரணம் ஆராயின், காங்கிரசில் கூடியவர் ஒருவரோடொருவர் பகைத்தவரல்லர். ஒரே பள்ளியிற் பயின்று, ஒரே மொழியாகிய ஆங்கிலத்திற் பேசி, ஒரே விருந்தில் உண்டவரே பலர். ஆயின் அவர்தம் கூட்டுறவு தானங்களின் கணக்கின்மேல் எழுப்பப்பட்டது. கணக்கு மாறியவுடன் கூட்டுறவும் மாறிற்று. சிங்களவர் தமிழர் இல்லங்களிலும், தமிழர் சிங்களவர் விகாரைகளிலும், ஒருவர் மொழியை மற்றவர் கற்று ஒருவர் பெரியாரை மற்றவர் கேட்கும் குருநாகல் அறை ஒன்று அவர்க்கிடையே அமையவில்லை. பல்லாயிரங் கல் கடந்து வந்த ஆங்கிலேயர்க்கு வாய்த்தது, ஒரே தீவில் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தார்க்கு வாய்க்காமை வியத்தற்குரியது, வருந்தற்கும் உரியது. தலைவர்தம் நட்பு பொதுமக்கள்பால் இறங்காதவிடத்து, அத்தலைவர் பிரிந்தவுடன் மக்களும் பிரிந்து நிற்பர் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அருணாசலம் தம் இறுதிக்காலத்தில் தென்னாட்டுத் திருத்தலங்களை வழிபடப் புறப்பட்டார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள் மதுரையில் இறைவன் திருவடி எய்தினார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கார்ப்பெண்டர்க்கு எண்பதாம் ஆண்டு நிறைவுற்றது. அப்பொழுது ஆங்கில நாட்டை ஆண்டது முதல் தொழிற்கட்சி அரசாங்கம். அதன் அமைச்சர் யாவரும் கையொப்பமிட்டு அவர்க்கு வாழ்த்து அனுப்பினர். நண்பரின் வாழ்த்து மட்டும் அதில் இல்லை.

முதியவர் தம்மிடமிருந்த பழங்கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டார். ஞானம் பற்றி அருணாசலம் பல ஆண்டுகளாகத் தமக்கு எழுதியவற்றைத் தொகுத்து, தம் குறிப்புரையும் சேர்த்து, 'கீழ்நாட்டு ஒளி' என்னும் பொருள்படும் பெயரோடு 1927ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சிடுவித்தார். அந்நூலின் முகப்பில் ஆசிரியராக நண்பரின் பெயரை வைத்து, தம் பெயரைப் பதிப்பாசிரியர் என்னும் அளவில் அமைத்துக்கொண்டார். இரண்டாண்டு கழித்து, 1929ஆம் ஆண்டு சூன் திங்கள் 28ஆம் நாள், அவரும் மறைந்தார்.